ஓட்டுப் பெட்டியா? ஓங்கிய தடியா?

கருத்து வேற்றுமை முற்றினால் உள்நாட்டுப் போர் மூளுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இந்தக் கேள்வி இன்று ஏடுகளிலே எழுதப்படுகிறது. கல்விக் கூடங்களிலே ஆராயப்படுகிறது. கட்சிப் பகை வீட்டுக்குள் புகுந்து, தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசாத இல்லங்களிலே முணுமுணுக்கப்படுகிறது. 2021 ஜனவரி 6ஆம் நாள், தேர்தலிலே தோற்ற தலைவருக்காகத் திரண்ட கூட்டம், வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்றக் கட்டடத்தின் கதவையும் கண்ணாடியையும் உடைத்து உள்ளே புகுந்ததே, அன்று முதல் இதனை வீண் அச்சம் என்று ஒதுக்கித் தள்ள எவராலும் இயலவில்லை. ஏற்கெனவே ஒருமுறை தன்னைத் தானே வெட்டிக் கொண்ட நாடு அது. 1861 முதல் 1865 வரை நான்கு ஆண்டுகள். மாண்டவர் தொகை ஆறு இலட்சத்துக்கும் மேல்!

கேள்விக்குப் பதில் கூறுவோரிலே இரு சாரார் உளர். ஒரு சாரார், "அதெல்லாம் பழங்கதை! படித்த மக்கள், பணம் படைத்த நாடு. அங்கே போராவது, மூளுவதாவது!" என்று கூறிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கின்றனர். மற்றொரு சாரார், "மூளும், மூளும்! மக்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள், வாதிடுகிறார்கள், ஆறிய புண்ணைக் கிளறுகிறார்கள். வாயை மூடிக் கொண்டால் நாடு பிழைக்கும்!" என்று உபதேசம் புரிகின்றனர். முதல் சாராரின் உறக்கத்தைக் காட்டிலும் இரண்டாம் சாராரின் உபதேசமே ஆபத்தானது என்பது நமது துணிபு. ஏனெனில், அந்நாட்டு வரலாறே அந்த உபதேசத்தைப் பொய்யாக்கி நிற்கிறது. அங்கே பேச்சு போரை மூட்டவில்லை. பேச்சை அடைத்தனர், போர் மூண்டது!

வேற்றுமை தானாகவே போரை ஈன்றெடுக்கும் என்றால், பெல்ஜியம் என்றோ சுடுகாடாகி இருக்க வேண்டும். வடக்கே டச்சு மொழி பேசும் பிளெமியர். தெற்கே பிரெஞ்சு மொழி பேசும் வலோனியர். மொழி வேறு, கட்சி வேறு, படிக்கும் ஏடும் வேறு. 1960களின் தொடக்கத்திலே சட்டத்தின் மூலமே மொழி எல்லையை வகுத்துக் கொண்டனர். 1970 முதல் அரசியல் சட்டத்தைப் பலமுறை திருத்தி, ஒற்றையாட்சி நாட்டைக் கூட்டாட்சி நாடாக மாற்றிக் கொண்டனர். 2010 ஜூன் திங்கள் தேர்தலுக்குப் பிறகு, கட்சிகள் உடன்பாடு காணாததால், 541 நாட்கள் முழு அதிகாரம் பெற்ற அமைச்சரவையே அங்கே அமையவில்லை! ஏசினர், எழுதினர், ஊர்வலம் சென்றனர். ஆனால் ஒருவரை ஒருவர் சுட்டுக் கொள்ளவில்லை. வழக்கைப் பேசித் தீர்க்கும் வாயில்கள் திறந்தே இருந்தன என்பதுதான் காரணம்.

வாயில்கள் — இந்தச் சொல்லை நினைவில் கொள்ளுங்கள், தோழர்களே! மக்களாட்சி என்னும் வீட்டுக்குப் பல வாயில்கள். மனு ஒன்று, ஏடு ஒன்று, மன்றம் ஒன்று, நீதி ஒன்று, ஓட்டு ஒன்று. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் வழியே சென்று முறையிடலாம். ஒவ்வொன்றாக எல்லாமே அடைபட்டால்? அமெரிக்காவின் கதை, வாயில்கள் அடைபட்ட கதைதான்.

1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டு மக்கள் தொகை ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம். அதிலே சுமார் 40 இலட்சம் பேர் அடிமைகள்! ஆடு மாடு விற்பது போல் ஆள் விற்றனர். தாயை ஒருவனுக்கும் பிள்ளையை மற்றொருவனுக்கும் ஏலம் விட்டனர். 1787இல் வகுத்த அரசியல் சட்டத்திலே விந்தையான ஒரு கணக்கும் இருந்தது. மாநிலத்துக்கு எத்தனை பேராளர் என்று கணக்கிடும்போது, அடிமை ஒருவன் ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணப்படுவான். ஆனால் ஓட்டு? அது ஒரு பங்குகூட அவனுக்குக் கிடையாது! அடிமையின் தலையை எண்ணி ஆண்டானுக்கு வலிமை! மனிதனை மனிதன் தாழ்த்துவதற்கும் கணக்குப் பார்த்துச் சட்டம் எழுதிய கொடுமையை என்னென்பது!

இக்கொடுமை வேண்டாம் என்று கூற முன்வந்தோர் முதலில் மனுக்கள் அனுப்பினர். ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கிலே கையொப்பமிட்ட மனுக்கள், பேராளர் அவைக்கு மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அவை என்ன செய்தது? 1836இல் ஒரு விதி செய்தது. அடிமை முறை பற்றிய மனு எதுவாயினும் அது அச்சிடப்படாது, விவாதிக்கப்படாது, அப்படியே ஒதுக்கி வைக்கப்படும் என்பதே அந்த விதி. வாய்ப்பூட்டு! குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பின்னரும் சாதாரண உறுப்பினராக அவைக்கு வந்து அமர்ந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் என்ற முதியவர், ஆண்டுதோறும் எழுந்து எழுந்து அந்தப் பூட்டை எதிர்த்தார். 1844 டிசம்பரிலேதான் பூட்டு உடைந்தது. எட்டு ஆண்டுகள், 'பேசாதிருத்தல்' என்பது சட்டமாகவே இருந்தது. பேசாததால் பகை தணிந்ததா? இல்லை, வளர்ந்தது. 'அடிமைக்குத்தான் உரிமை இல்லை என்று எண்ணினோம். அவனுக்காகப் பேசும் நமக்கும் இல்லையோ!' என்ற ஐயம் வடமாநில மக்கள் உள்ளத்திலே முளைவிட்டது.

மனுவின் கதி அது. ஏட்டின் கதியோ அதனினும் கொடிது. இல்லினாய் மாநிலத்து ஆல்டன் என்ற ஊரிலே எலைஜா லவ்ஜாய் என்ற பாதிரியார் அடிமை முறையைக் கண்டித்து ஏடு நடத்தினார். அவருடைய அச்சுப்பொறியை மீண்டும் மீண்டும் உடைத்தனர். அவரும் மீண்டும் மீண்டும் வாங்கினார். 1837 நவம்பர் 7ஆம் நாள் இரவு, புதிதாக வந்த அச்சுப்பொறியைக் காத்து நின்றவரைச் சுட்டுக் கொன்றனர். அச்சுப்பொறியையும் உடைத்து ஆற்றிலே எறிந்தனர்.

மதபீடங்களாவது நடுவர்களாக நின்றனவா? நிற்கவில்லை. ஒரே வேதப் புத்தகம், ஒரே பக்கம். தெற்கே இருந்த போதகர் அதிலே அடிமை முறைக்கு ஆதாரம் கண்டார், வடக்கே இருந்தவர் அதே நூலிலே அதற்குக் கண்டனம் கண்டார்! 1844-45இல் மெதடிஸ்டுத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. 1845இல் பாப்டிஸ்டுத் திருச்சபையும் பிளந்தது. தென்பகுதிப் பாப்டிஸ்டுச் சபை, தான் அடிமை முறைக்குத் துணை நின்றதற்கு 150 ஆண்டுகள் கழித்து, 1995இல் தீர்மானம் நிறைவேற்றி வருத்தம் தெரிவித்தது! மனிதனை மனிதனாக மதிப்பதற்கு ஏட்டிலே ஆதாரம் தேடுபவர்கள், எதிர்ப்பக்கத்துக்கும் அதே ஏட்டிலே ஆதாரம் கிடைக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பகுத்தறிவைக் கொண்டு தீர்க்க வேண்டிய வழக்கைப் பழைய ஏட்டிடம் ஒப்படைத்தால், தீர்ப்பு வராது. பிளவுக்குத் தெய்வத்தின் முத்திரைதான் வந்து சேரும்!

மன்றத்துக்கு வருவோம். 1856 மே மாதம், கான்சாஸ் பகுதியிலே அடிமை முறையைப் புகுத்த நடந்த அட்டூழியத்தைக் கண்டித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து சார்லஸ் சம்னர் செனட் சபையிலே பேசினார். மே 22ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்துப் பேராளர் பிரஸ்டன் புரூக்ஸ் என்பவர் உள்ளே வந்தார். இருக்கையிலே அமர்ந்து எழுதிக் கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால், தடி முறியும் வரை அடித்தார். சம்னர் குருதி வெள்ளத்திலே சாய்ந்தார். தம் பணிக்கு முழுமையாகத் திரும்ப அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தடி பிடித்தவர் கதி என்ன? பதவி விலகினார், அதே தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்! பாராட்டித் தென்னாட்டவர் பலர் அவருக்குப் புதிய தடிகளை அனுப்பி வைத்தனர்! ஒருவன் அடித்தது ஒரு குற்றம். ஊரே தடி வாங்கி அனுப்பியதுதான், நாடு எந்தத் திசையிலே போய்க் கொண்டிருந்தது என்பதைக் காட்டிய அடையாளம். வெறியன் எந்த நாட்டிலும் இருப்பான். வெறியனுக்கு மாலை போடும் கூட்டம் பெருகும்போதுதான் அஞ்ச வேண்டும்.

எஞ்சியிருந்தது நீதி. டிரெட் ஸ்காட் என்ற அடிமை, தான் விடுதலை பெற உரிமையுண்டு என்று வழக்குத் தொடுத்தான். 1857இல் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பளித்தார்: கறுப்பர் இந்நாட்டுக் குடிமக்களே அல்லர், வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை! அதோடு நின்றாரா? புதிய நிலப்பகுதிகளிலே அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே இல்லை என்றும் கூறி முடித்தார். வழக்கை இனி மன்றத்திலேயும் பேசித் தீர்க்க முடியாது என்று நீதிமன்றமே கதவைச் சாத்திற்று.

எஞ்சிய ஒரே வாயில் ஓட்டு. 1860 நவம்பர் 6ஆம் நாள் தேர்தல். போட்டியிட்டோர் நால்வர். ஆபிரகாம் லிங்கன், பதிவான ஓட்டுகளில் சுமார் 40 விழுக்காடு பெற்று, சட்டப்படி வென்றார். அடிமை முறை உள்ள மாநிலங்களிலே அதனை ஒழிப்பேன் என்றுகூட அவர் கூறவில்லை. புதிய பகுதிகளுக்குப் பரவவிடமாட்டோம் என்பதே அவர் கட்சியின் கொள்கை. தென்மாநில உறுப்பினர் வெளியேறாது இருந்திருந்தால், செனட் சபையிலே அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மையே கிடைத்திராது. பேச வாய்ப்பு உண்டு, தடுக்க வாய்ப்பு உண்டு, நான்கு ஆண்டு கழித்து மீண்டும் வெல்ல வாய்ப்பு உண்டு. இத்தனையும் இருந்தும், டிசம்பர் 20ஆம் நாளே தென் கரோலினா பிரிந்தது. 1861 மார்ச் 4இல் லிங்கன் பதவி ஏற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் வெளியேறிவிட்டன. ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கிற்று.

மாநில உரிமைக்காகப் போரிட்டார்கள் என்று பின்னாளிலே பூசி மெழுகியவர்கள் உண்டு. ஆனால் பிரிந்தோர் அமைத்த அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21இல் சவானா நகரிலே பேசும்போது, வெள்ளையருக்குக் கறுப்பர் சமமானவர் அல்லர், அடிமை நிலையே அவர்க்கு இயல்பானது என்ற கருத்தே புதிய அரசின் மூலைக்கல் என்று ஒளிவு மறைவின்றிக் கூறினார். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நாம் ஐயுறுவானேன்!

அதே தேர்தலிலே தோற்ற மற்றொருவரையும் காண்போம். ஸ்டீபன் டக்ளஸ், லிங்கனின் நீண்டநாள் எதிரி. அடிமை முறை பற்றி அவர் கொண்ட கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும், தாம் தோற்கப் போவது உறுதி என்று தெரிந்தவுடன், தென்மாநிலங்களுக்கே சென்று, "யார் வென்றாலும் பிரியாதீர்!" என்று பேசினார். தோற்ற பின் லிங்கனின் அரசுக்குத் துணை நிற்க இணங்கினார். ஒரே தேர்தல், ஒரே தோல்வி. ஒருவர் கையிலே அது கடமையாயிற்று, மற்றவர் கையிலே பீரங்கியாயிற்று! ஆகவேதான் கூறுகிறோம், நாட்டின் அமைதி வென்றவன் கையிலே பாதிதான் இருக்கிறது. மறுபாதி தோற்றவன் கையிலே இருக்கிறது.

இங்கே நேர்மையான ஐயம் ஒன்று எழும். "தோற்றவன் தோல்வியை ஏற்க வேண்டும் என்கிறீர்களே! அப்படியானால் அடிமையும் தன் நிலையை ஏற்றுக் கொண்டு அடங்கிக் கிடக்க வேண்டுமா? 1859 அக்டோபரிலே ஹார்ப்பர்ஸ் பெரி படைக்கலச் சாலையைக் கைப்பற்றி, அடிமைகளின் கிளர்ச்சியைத் தூண்ட முயன்று தூக்கு மேடை ஏறிய ஜான் பிரௌனும், தோட்ட முதலாளியும் ஒன்றா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

தோல்வியை ஏற்கும் கடமை யாருக்கு உண்டு? பேச நாவும், போட ஓட்டும், மறுமுறை வெல்ல வாய்ப்பும் பெற்றவனுக்கு உண்டு. தோட்ட முதலாளிக்கு இவை அனைத்தும் இருந்தன. பல்லாண்டு ஆட்சிப் பீடமே அவன் இனத்தார் கையில் இருந்தது. அடிமை தோற்றவன் அல்லன். அவன் களத்துக்குள்ளேயே விடப்படாதவன். ஆடாத ஆட்டத்திலே தோற்றாய் என்று ஒருவனிடம் கூறுவது நீதியாகுமா? ஜான் பிரௌனின் வழி குருதி வழி. அவ்வழி நமது வழியன்று. ஆனால் அவ்வழியை உண்டாக்கியவர், மற்ற வழிகளை அடைத்தவரே. மேலும் ஒன்று: ஒரு மனிதன் மனிதனா, அல்லவா என்பது ஓட்டுக்கு விடத்தக்க பொருளே அன்று. வரி எவ்வளவு, சாலை எங்கே என்பவற்றிலே பெரும்பான்மை ஆளட்டும். அடுத்தவன் கழுத்திலே விலங்கு பூட்டலாமா என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்கப் புகுந்தால், அன்றே போர் தொடங்கிவிட்டது. துப்பாக்கி ஒலி மட்டும் பிறகு கேட்கும்!

போர் முடிந்தது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பர் வடபகுதிப் படையிலே நின்று போரிட்டனர். 1865 டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1868இல் குடியுரிமை, 1870இல் இன வேறுபாடு பாராத ஓட்டுரிமை. கடல் கடந்து இங்கே புனா நகரிலே ஜோதிராவ் புலே, 1873இல் 'குலாம்கிரி' என்ற தம் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சூத்திரரையும் ஆதிசூத்திரரையும் பிணித்த விலங்கை உடைக்க அது வழிகாட்டட்டும் என்று அவர் நெஞ்சம் விரும்பிற்று.

ஆனால் நான்கே ஆண்டிலே அந்நாடு என்ன செய்தது? 1876 தேர்தலிலே குழப்பம். டில்டனுக்கு மக்கள் ஓட்டு அதிகம். 20 தேர்வாளர் ஓட்டுகள் யாருக்கு என்பதிலே வழக்கு. மீண்டும் போர் மூளுமோ என்று நாடு நடுங்கிற்று. ஆணையம் ஒன்று எட்டுக்கு ஏழு என்று தீர்த்தது; ஹேய்ஸ் 185க்கு 184 என்று வென்றார். தோற்ற கட்சி அடங்கிற்று, போர் மூளவில்லை. நல்லதுதானே என்கிறீர்களா? 1877இல் தென்மாநிலங்களிலே கறுப்பருக்குக் காவலாக நின்ற மத்திய அரசுப் படை விலக்கப்பட்டது. வெள்ளையர் இரு கட்சியும் கை குலுக்கிக் கொண்டனர். விலை கொடுத்தவர் கறுப்பர்! தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று தந்திரங்கள் செய்து அவர்களுடைய ஓட்டைப் பறித்தனர். 1965இல் ஓட்டுரிமைச் சட்டம் வரும்வரை, 88 ஆண்டுகள்!

அந்த 'அமைதி' எப்படிப்பட்டது? 1898 நவம்பர் 10ஆம் நாள், வட கரோலினாவின் வில்மிங்டன் நகரிலே, ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பர் நடத்திய செய்தி ஏட்டின் அலுவலகத்தைக் கொளுத்திற்று. கறுப்பு மக்களைச் சுட்டுக் கொன்றது. முறைப்படி அமைந்த நகராட்சியைத் துப்பாக்கி முனையிலே பதவி விலகச் செய்து, தானே ஆட்சியில் அமர்ந்தது. தண்டிக்கப்பட்டவர் ஒருவரும் இலர். மத்திய அரசு வாளா இருந்தது. வரலாற்று நூல்களிலே இதற்கு உள்நாட்டுப் போர் என்று பெயரில்லை. ஆனால் செத்தவனுக்குப் பெயரிலே என்ன வேறுபாடு?

இனி இன்றைய அமெரிக்காவைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலிலே, புளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டு வேறுபாட்டிலே வெற்றியை இழந்த அல் கோர், நீதிமன்றத் தீர்ப்பு தமக்கு உடன்பாடில்லை என்று கூறியே அதனை ஏற்றார். 2001 ஜனவரி 6இல், துணைத் தலைவர் என்ற முறையிலே, தமது தோல்வியைத் தாமே அவையிலே அறிவித்தார். இருபது ஆண்டு கழித்து அதே ஜனவரி 6, அதே அவை: தோல்வியை ஏற்க மறுத்த டிரம்பின் ஆதரவாளர் கதவை உடைத்தனர், பிரிவினைப் படையின் பழைய கொடியை ஒருவன் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஏந்தி நடந்தான். ஆயினும் அன்று வாயில்கள் அடைபடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளிலே, இரு கட்சித் தலைவர்களாலும் நியமிக்கப்பட்ட நீதிபதிகள் சான்று கேட்டனர், தள்ளினர். தோற்றவரின் சொந்தக் கட்சி அதிகாரிகளே ஜார்ஜியாவிலே கணக்கை மாற்ற மறுத்தனர். துணைத் தலைவர் பென்ஸ் தம் தலைவரின் விருப்பத்துக்கு இணங்கவில்லை. மறுநாள் விடியுமுன் எண்ணிக்கை முடிந்தது. 2024இல் டிரம்ப் வென்றார். தோற்ற கமலா ஹாரிஸ் ஏற்றுக் கொண்டு, 2025 ஜனவரி 6இல் அவையிலே அமர்ந்து எதிரியின் வெற்றியை அறிவித்தார். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இருள். 2025 ஜனவரி 20இல், பதவி ஏற்ற அன்றே, 2021 தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்குக் குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தார். 2024 ஜூலையில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு. 2025 ஜூனில் மினசோட்டா சட்டமன்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினரும் அவர் கணவரும் வீட்டிலேயே சுட்டுக் கொலை. செப்டம்பரில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் கல்லூரி மேடையிலே சுட்டுக் கொலை. வீழ்ந்தவர் இரு பக்கத்திலும் உளர். எந்தப் பக்கத்துப் பிணமானாலும் அதைக் கண்டு சிரிப்பவன், பழைய தடிக்குப் பூண் கட்டுபவனே!

போர் மூளுமா? நமது கருத்தைக் கூறிவிடுகிறோம். 1861 போல் இரு படை அணிவகுத்து நிற்கும் போர் மூளுவது அரிது. அன்று நாட்டின் மீது ஒரு கோடு கிழிக்க முடிந்தது. அக்கோட்டின் தெற்கே தனி அரசு, தனிக் கருவூலம், தனிப் படை அமைக்க முடிந்தது. இன்று ஒரே மாநிலத்திலே, ஒரே தெருவிலே இரு தரப்பும் கலந்து வாழ்கின்றன. ஆனால் வில்மிங்டனுக்குக் கோடு தேவையில்லை. தேர்தல் அதிகாரியை மிரட்டினால் போதும். ஏட்டைக் கொளுத்தினால் போதும். செய்தவனைத் தண்டியாது விட்டால் போதும். நாம் அஞ்சுவது பீரங்கியை அன்று, தண்டிக்கப்படாத தடியைத்தான்.

இளைஞர்களே! பழமையை எதிர்த்து வாதிடும் போதெல்லாம், "நாட்டைப் பிளக்கிறாய்" என்ற பழி நம்மீது வீசப்படும். கலங்க வேண்டாம். அநீதியைச் சுட்டுபவன் பிளவை உண்டாக்குவதில்லை. உள்ள பிளவைக் காட்டுகிறான். ஆனால் அந்தத் துணிவோடு மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள்; எதிர்க்கட்சியிடம் கேட்கும் முன் நம் அணியிடமே கேளுங்கள். தோற்றால் ஏற்போமா? வென்றால், தோற்றவன் நாளை நம்மை வெல்லும் வாயிலைத் திறந்து வைப்போமா? நாம் செய்து கொள்ளும் சமரசத்துக்கு, அந்த அவையிலே இடமே பெறாத எவன் விலை கொடுக்கிறான்?

முதலிரண்டு கேள்விக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கு எவனும் இல்லை என்றும் கூறக்கூடிய நாட்டிலே, எவ்வளவு உரக்கப் பேசினாலும் போர் வராது. அப்படிக் கூற முடியாத நாட்டிலே, எவ்வளவு அடக்கமாகப் பேசினாலும் அமைதி வராது.